இரண்டு மார்க் குரல்

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் சொல்வார்கள். வாய்விட்டுச் சிரிக்கும்போதுகூட முள் நடுவில் நிற்கிற மாதிரி சிரிப்பாள் என்று கேலி வேறு. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை. வேலை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது. பாட வாய்ப்புத் தேடுகிறவர்கள் போனில் பாடி அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் சுருதி, தாளம், மூச்சு என்று அலசி ஐந்துக்கு மார்க் போடும். அதற்குச் சந்தேகம் வந்தால்தான் பதிவு மனிதர்களிடம் வரும். பெயர் இருக்காது. மூன்று பேர் தனித்தனியாக மார்க் போடுவார்கள், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும்.

கேட்கிறவர்களையும் அது நம்பாது. கேட்ட பதிவையே சில நாள் கழித்துச் சத்தமில்லாமல் மறுபடி நுழைக்கும். பழைய மார்க்கையே போட்டால் நம்பிக்கைப் புள்ளி ஏறும், மாற்றினால் ஒன்று குறையும். ஆறு வருடத்தில் இவள் ஒருமுறைகூட மாற்றியதில்லை. மூன்று பேரும் மூன்று மாதிரி போட்டால், புள்ளி அதிகமுள்ளவர் சொன்னதே நிற்கும். அதாவது, தராசு சொன்னது.

சின்ன வயதிலேயே அம்மா பங்கு பிரித்திருந்தாள்: சின்னவளுக்குக் குரல், பெரியவளுக்குக் காது. வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கை பாடுவாள், இவள் நாற்காலி எடுத்துப் போடுவாள். நன்றாகக் கேட்கிறாள் என்று யாராவது கைதட்டுவார்களா? மூன்றாவது வரிக்கு முன்னால் தங்கை வெடுக்கென்று மூச்சு இழுப்பாள். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஒன்றுதான் இவளுக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷம்.

இப்போது தங்கை சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். வயது முப்பத்தைந்து. ஒரு சேர்ந்திசைக் குழுவில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். குரல் தேர்வு அக்காவின் அலுவலகம் வழியாகத்தான். வயது வரம்பும் முப்பத்தைந்து. இந்த வருடம் விட்டால் கதவு சாத்தியாயிற்று. அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் பாடி அனுப்பினாள்.

அந்தப் பதிவு நேராக அக்காவின் காதுக்கே வந்து சேர்ந்தது. முதல் சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்த குரலென்றால் ஒதுக்கிவிட ஒரு பட்டன் உண்டு. அவள் அதைத் தொடவில்லை. தங்கையாயிற்றே என்று சலுகை காட்டக் கூடாது, நியாயம் நியாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு மார்க் போட்டாள். மூன்றாவது வரிக்கு முன்னால் அந்த மூச்சு. நியாயமாம் நியாயம். இருபத்தைந்து வருடத்து வயிற்றெரிச்சலுக்கு நல்ல பெயர்தான் வைத்தாள். மற்ற இருவரும் மூன்றும் நான்கும் போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் அதே பதிவு மறுபடி வந்தது. முடிவு இன்னும் போகவில்லை. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது வரி வந்தது, போனது. மூச்சுச் சத்தமே இல்லை. பின்னால் தள்ளித் தள்ளி ஐந்து தடவை கேட்டாள். எப்போதோ, யாருக்கும் தெரியாமல், தங்கை அதைச் சரிசெய்துவிட்டிருந்தாள். அக்கா கேட்டது பதின்மூன்று வயதுப் பெண்ணின் மூச்சை.

நான்கு போட்டிருக்கலாம். ஒரு புள்ளிதான் குறைந்திருக்கும். வேலை போயிருக்காது, யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தராசு என்ற பெயர் போயிருக்கும். விரல் நான்கின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இரண்டை அழுத்தினாள்.

வாரக் கடைசியில் தங்கை வந்தாள். அழவில்லை. சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

"அக்கா, நீ அங்கதானே வேலை பாக்குற. எங்கிட்ட என்ன சரியில்லன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன். திருத்திக்கிறேன்."

"அது மெஷின்டி. அதுக்கு யாரைத் தெரியும்?"

தங்கை தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் இஸ்திரி போடும்போதுகூடப் பாடுவதில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

அடுத்த மாதம் புதிதாகப் பத்துப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் காதைப் பழக்க ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு மாதிரிப் பதிவு வேண்டும். தராசு இரண்டு முறையும் மாறாமல் மார்க் போட்ட பதிவுகளிலிருந்து கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்தது. இரண்டு மார்க்குக்குத் தங்கையின் குரல் வந்தது. வகுப்பெடுக்கும் பொறுப்பும் தராசுக்குத்தான்.

பாட்டு முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நல்லாத்தானே இருக்கு? எதுக்கு ரெண்டு?"

தராசு தண்ணீர் குடித்தாள்.

"மூணாவது வரிக்கு முன்னாடி கேளுங்க. மூச்சு இழுக்குற சத்தம்."

மறுபடி போட்டாள். அறையே காதைத் தீட்டிக்கொண்டது. முதலில் ஒருவர் தலையாட்டினார், பிறகு பக்கத்தில் இருந்தவர். கடைசியாகக் கேள்வி கேட்ட பெண்ணும், "ஆமா மேடம், இப்ப கேக்குது" என்றாள்.

பத்துப் பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.