மாது அறைக்கு நான் இழுத்த கரண்டு

ஓசூரில் ஒரு மாடி வீடு, பாகலூர் ரோட்டில் ஒரு லேத் பட்டறை, வெறும் பாறை என்று எல்லாரும் கைவிட்ட பூமியில் தண்ணீர் வந்த கிணறு, மூன்று பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு. இத்தனையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்த ஆள் உண்டாக்கியது. நானே சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

அப்படிப்பட்டவனிடம்தான், போன வாரம் மகன் வீட்டில் டி.வி. மாட்ட வந்தவர், பிளக் பாயிண்ட் எதிர்ச் சுவரில் இருக்கிறது, சுவரை உடைத்துத்தான் ஒயர் கொண்டுவர முடியும் என்றார். பன்னிரண்டு அடி தூரம்! சிரித்துவிட்டேன். அவர் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துப் பிரித்தார். அதற்கு ஒரு வாசனை உண்டு, புது ரப்பரில் மண்ணெண்ணெய் பட்ட மாதிரி. அது மூக்கில் ஏறியதும் நான் வாலிபத்தில் குடியிருந்த நாராயணம்மாவின் லைன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கம்பெனிகளுக்குப் பின்னால், ஒரே வரிசையாக எட்டு அறை. நாராயணம்மா தெலுங்குக்காரர். கன்னடத்தையும் தமிழையும் சேர்த்துப் பிசைந்து பேசுவார், திட்டும்போது மட்டும் சுத்தத் தெலுங்கு. அறைக்கு ஒரு பல்பு, பிளக் கிடையாது. எட்டுப் பல்புக்கும் மெயின் சுவிட்ச் அவருடைய கூடத்தில். பொழுது சாய்ந்தால் போடுவார், விடிந்தால் அணைத்துவிடுவார். அதுதான் அங்கே சட்டம்.

கடைசி அறையில் மாது இருந்தான். சிங்காரப்பேட்டைக்காரன், வார்ப்படக் கம்பெனியில் என்னோடு வேலை. அச்சுப்பெட்டி சரிந்து தொடை எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தான். இரண்டு மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்திலேயே ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். சோறு இறங்கவில்லை. கல் ஏற்றப் பர்கூர் போகிற லாரிக்காரரிடம் திங்கட்கிழமை ஊருக்கு வருவதாகச் சொல்லியும் வைத்துவிட்டான். அவன் சம்சாரம் சின்னப்பாப்பா என் அறை வாசலில் வந்து நின்றது.

"லாரியில குலுங்கிப் போனா எலும்பு சேராதுண்ணா. கால் போனா வேலயும் போச்சு. எப்படியாவது நிறுத்துங்க."

பேசி நிறுத்த நான் என்ன வக்கீலா? ஆனால் அவனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கால் நன்றாக இருந்தபோது ஞாயிறு தவறாமல் தெருமுனையில் கவுஸ் பாய் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டி.வி. பார்ப்பான். பாய் மாங்காய் வியாபாரி. போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை அந்த மனிதர்.

"ஆளு வர முடியலன்னா பெட்டி போவட்டும் தம்பி."

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் தோளிலும் ஆன்டெனாவைக் கையிலுமாக அவரே தூக்கிவந்தார். நான் மாதுவின் பல்பைக் கழற்றி, ஹோல்டரிலிருந்து ஒயர் எடுத்து, நாராயணம்மாவுக்குத் தெரியாமல் மாட்டினேன். படம் வந்தது. அன்று என் நடையே வேறு.

ஞாயிறு காலை எட்டு அறை ஜனமும் கூடிவிட்டது. நான் எழுந்து நின்று, மேடையில் ஏறியவன் மாதிரி குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. பெட்டியைத் தட்டினேன், ஆன்டெனாவைக் குறை சொன்னேன். பாய்தான் பக்கத்து அறைப் பல்பைப் போட்டுப் பார்த்தார். அதுவும் எரியவில்லை. பகலில் லைனுக்குக் கரண்டே கிடையாது என்பது அந்தப் பெரிய எலக்ட்ரீஷியனுக்கு நினைவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மாது சிரிக்கவில்லை.

"விடுண்ணா. நான் நாளைக்குப் போறன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

வேறு வழியில்லாமல் நாராயணம்மாவிடம் போய்த் திருட்டை ஒப்புக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்புல கரண்டு திருடறவங்கள நெறய பாத்திருக்கறன். கரண்டு இல்லாத நேரமா பாத்துத் திருட வந்தவன் நீ ஒருத்தன்தாண்டா."

தெலுங்கிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். பிறகு மாதுவின் லாரி கதையைச் சொன்னேன். நேரே கூடத்துக்குள் போனார். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக், அதில் அவருடைய டேபிள் ஃபேன். சித்திரை வெயில். ஃபேனைப் பிடுங்கிவிட்டு, "பகல்ல மெயின் போட்டா எட்டு ரூம்லயும் எரிப்பாங்க. நீ இதுல மாட்டு" என்றார்.

அங்கிருந்து மாது அறை எண்பது அடி. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. அறை அறையாகக் கேட்டேன். ஆள் நீளம், ஒன்றரை ஆள் நீளம் என்று ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், பதினோரு இடத்தில் ஒட்டு. ஏழாவது ஒட்டில் டேப் தீர்ந்துபோய், மிச்சத்துக்குச் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றினேன். துணிக்கொடி மேலே தொங்கவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இன்றைக்கு யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். நான் செத்திருக்க வேண்டியவன்.

படம் வந்தது. பெங்களூர் நிலையம், கன்னடத் தொடர். மாதுவுக்கு ஒரு சொல் தெரியாது. ஃபேன் இல்லாத நாராயணம்மா விசிறியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, கதையைத் தன் கலவைத் தமிழில் சொன்னார். நான் என்ன பார்த்தேன் என்கிறீர்களா? ஒன்றும் பார்க்கவில்லை. காற்றில் கொடி ஆடினால் நாலாவது ஒட்டு விட்டுப்போகும். ஆடாமல் ஒரு மூங்கிலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யண்ணா, கைய எடுத்துடாத. அந்தப் பொம்பள அழுவுறா, ஏன்னு தெரியணும்."

மூன்று வாரத்தில் அவன் தன் காலையும் ஊரையும் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசியது அதுதான். சின்னப்பாப்பா அந்த நேரம் பார்த்துத் தட்டை நீட்டியது. கவனிக்காமலேயே சாப்பிட்டான்.

அந்தப் பெண் ஏன் அழுதாள் என்பது அடுத்த வாரம்தான் தெரியும் என்று முடித்துவிட்டார்கள், புண்ணியவான்கள். திங்கட்கிழமை லாரி வந்து ஹாரன் அடித்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னான் மாது. அடுத்த வாரமும் அதையே சொன்னான். எலும்பு சேர்ந்தது. அதே கம்பெனியில் ஃபோர்மேன் ஆகி ரிட்டயர் ஆனான்.

லைன் வீடு இப்போது அடுக்குமாடி. அறைக்கு ஆறு பிளக், யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பாயும் இல்லை, நாராயணம்மாவும் இல்லை. அந்த இரண்டு பேரையும் நினைக்காமல் நான் ஒரு நாளும் சுவிட்ச் போட்டதில்லை.

போன மாதம் மாது வீட்டுக் கிரகப்பிரவேசம். சம்பந்திகள் முன்னால் அவன் இந்தக் கதையைச் சொன்னான். டி.வி. கொடுத்தவர் கவுஸ் பாய், கரண்டு கொடுத்தவர் நாராயணம்மா என்று கண் கலங்கினான். நியாயம்தான், அவர்கள் பெயர்தான் முதலில் வரவேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டான்.

டேய் மாது, உன் பேத்தி இதை உனக்குப் படித்துக் காட்டும். அடுத்த தடவை சொல்லும்போது மூன்றாவதாக என் பெயரையும் சொல். எண்பது அடி, பதினோரு ஒட்டு, இழுத்தவன் நான். நான் இருக்கும்போதே, என் காதில் விழுகிற மாதிரி சொல்.