சின்ன ஸ்டெப்னி

முப்பது வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய சந்தேகம் ஓய்வு பெறவில்லை. பெட்ரோல் போடும்போது கீழே இறங்கி மீட்டரை முறைப்பார். வீட்டு எடை மெஷினில் முதலில் ஒரு கிலோ கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தான் ஏறுவார். கார் டிக்கியில் மற்ற நான்கு சக்கரங்களுக்கும் இணையான முழு அளவு ஸ்டெப்னி வைத்திருந்தார். வண்டியோடு வரும் ஒல்லிச் சக்கரம் அவருக்கு ஆகாது.

"எண்பதுக்கு மேல போகாதேன்னு அதுலயே எழுதியிருக்கான். செஞ்சவனுக்கே நம்பிக்கை இல்ல" என்பார்.

மகளிடமும் அதே மாடல் கார். மெக்கானிக்கல் இன்ஜினியர். சின்ன ஸ்டெப்னியே போதும், கூடுதல் எடை வீண் என்று அவருக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் மாரடைப்பில் போன பதினெட்டாம் நாள், காரை விற்பதற்காக டிக்கியைத் திறந்தாள். உள்ளே சின்ன ஸ்டெப்னி படுத்திருந்தது.

மனம் நேரே அப்பா வழக்கமாகப் போகும் டயர் கடைக்காரரிடம் போய் நின்றது. வண்டியில் கடைசியாகக் கை வைத்தவர் அவர்தான். துக்கம் கேட்க வந்தபோது முகம் கொடுக்காமல் நழுவியவரும் அவர்தான். அப்பாவின் நோட்டில் ஒவ்வொரு டயரின் எண்ணும் இருந்தது. ஸ்டெப்னி: 1722. இருபத்திரண்டாம் வருடம், பதினேழாவது வாரத் தயாரிப்பு. நோட்டோடு தன் காரை எடுத்தாள். அப்பாவை உயிரோடு யாரும் ஏமாற்றியதில்லை. செத்த பிறகு ஏமாற்ற விடுவதாக இல்லை.

கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்றார். அதுவே குற்றத்தின் குறுகுறுப்பாகப் பட்டது. குனிந்து, அடுக்கியிருந்த பழைய டயர்களின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பாவோட ஸ்டெப்னி எங்க அண்ணே? அவர் சாகட்டும்னு காத்திருந்தீங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க டிக்கியத் திறங்கம்மா."

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தபடியே திறந்தாள். பலகையைத் தூக்கினாள். குழியை அடைத்துக்கொண்டு முழு அளவு டயர்.

"போன மாசம் நீங்க வந்திருந்தப்ப, காத்து அடிக்கணும்னு உங்க வண்டிய எடுத்துட்டு வந்தாரு, அவரோட ஸ்டெப்னியையும் அதுல போட்டு. ரெண்டையும் மாத்தச் சொன்னாரு. 'ஹைவேல ஓடுறது அவ. நான் மார்க்கெட்டுக்குத்தானே போறேன். அவகிட்ட சொல்லிடாத, கணக்குப் போட்டு வேணாம்னுடுவா'ன்னாரு. அதான் துக்கம் கேக்க வந்தன்னிக்கு உங்க முகத்தப் பாக்க முடியல."

அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நோட்டைப் பிரித்துக்கொண்டு டயரின் மேல் குனிந்தாள்.

"பாருங்க, பாருங்க. அவர் பொண்ணுதானே" என்று அவரே செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார்.

1722. விரலால் தடவி இன்னொரு முறையும் படித்தாள்.

"தப்பாப் பேசிட்டேன் அண்ணே."

"அவர் பேசாததா?" என்றார் கடைக்காரர். செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, "மூடட்டுமா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."