மூன்று ஜனாதிபதிகள் செத்த நாள்

போன கிழமை இந்த இடத்தில் நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம் நானல்ல. அமெரிக்கா.

சிரிக்காதீர்கள். சிட்னிக்குப் போனதிலிருந்து இவன் எதற்கெடுத்தாலும் ஒரு வெளிநாட்டைச் சாட்டுகிறான் என்று பத்திரிகை ஆசிரியர் ஏற்கெனவே கடிதம் போட்டுவிட்டார். ஆனால் இந்த முறை, சத்தியமாக, அமெரிக்காதான்.

நான் வேலை செய்கிற தண்ணீர்ப் பம்ப் கொம்பனி அமெரிக்கர்களுடையது. மனேஜர் மிஸ்டர் டோபினும் அமெரிக்கர். பொஸ்டன்காரர். அவருடைய நாட்டுக்கு இந்த ஜூலை நாலாம் திகதி இருநூறு வயது. மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்தவர் மாதிரி ஒரு மாதமாக ஓடித் திரிந்தார். கன்ரீனில் விருந்து, கேக், பலூன்... போதாததற்கு என்னைக் கூப்பிட்டு, "ஜூலை நாலாம் திகதியில் எங்கள் நாட்டில் நடந்த விசேஷங்களை எல்லாம் பட்டியல் போட்டுத் தா. நோட்டிஸ் போர்ட்டில் ஒட்டுவோம். நீ பத்திரிகைக்கு எழுதுகிறவன்தானே?" என்றார்.

பத்திரிகைக்கு எழுதுகிறவன்! இதைவிட வேறு போதை வேண்டுமா எனக்கு? மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

ஓடினால்... அங்கே ஒரு கூத்து. பெரிய கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கியது ஜூலை நாலு. பெரிய ரயில் பாதை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டியது ஜூலை நாலு. கையில் பந்தத்தோடு நிற்கிறாளே அந்தச் சிலைப் பெண்மணி, அவளைப் பிரெஞ்சுக்காரர் பாரிஸில் வைத்துக் கையளித்ததும் ஜூலை நாலு! நாள் பார்க்கிறவர்கள் என்று எங்களைப் பழிக்கிறார்களே, இது என்னவாம்? எங்களுக்காவது மாதத்துக்கு நாலைந்து நல்ல நாள் இருக்கிறது. பாவம், அவர்களிடம் இருப்பது வருஷத்துக்கு ஒன்று.

அதோடு நின்றிருக்கலாம். விதி விடவில்லை. அவர்களுடைய இரண்டாவது ஜனாதிபதியும் மூன்றாவது ஜனாதிபதியும், முகம் பாராமல் இருந்து பிறகு கடிதத்தில் ராசியான இரண்டு கிழவர்கள், சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று, அதே ஜூலை நாலாம் திகதி, ஒரே நாளில் செத்திருக்கிறார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து ஐந்தாவது ஜனாதிபதி. அவரும் ஜூலை நாலு!

இப்படி ஒரு சங்கதியை வீட்டில் சொல்லாமல் வைத்திருக்க எந்தப் பத்திக்காரனால் முடியும்?

ரஞ்சி, என் மனைவி, குசினிக்குள் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சி, ஒரே திகதியில எத்தினை ஜனாதிபதிமார் செத்திருக்கினம் தெரியுமோ? மூண்டு பேர்!"

"எந்தத் திகதி?"

"ஜூலை நாலு."

கத்தி நின்றது. "இஞ்சேருங்கோ... டொக்டர் எனக்கு எந்தத் திகதி சொன்னவர்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டொக்டர் சொன்னதும் ஜூலை நாலுதான்.

இது எங்களுடைய முதல் பிள்ளை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். நாங்கள் வைக்காத நேர்த்தி இல்லை, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. சிட்னிக்கு வந்து இரண்டு வருஷமான பிறகுதான் கடவுள் கண் திறந்தார். இந்த ஊரில் சொந்தம் இல்லை, கோயில் இல்லை, ஒரு இணுக்குக் கருவேப்பிலைகூட இல்லை. "பிள்ளை பிறந்து ஆறு மாசத்தில ஊருக்குப் போறம். உங்கட பம்ப் அங்கயும் தண்ணி இறைக்குந்தானே" என்பது ரஞ்சியின் தீர்மானம். எனக்கு இங்கேயே இருந்துவிட ஆசை. ஆனால் அதை வாய் திறந்து சொன்னதில்லை. எதற்கு வாய் திறக்க வேண்டுமோ அதற்குத் திறக்காது, அதுதான் என் வாய்.

"மூண்டு பேரை விழுங்கின நாள். அண்டைக்கு என்ர பிள்ளை பிறக்கக் கூடாது" என்றாள்.

"விழுங்கினதோ? ஒருத்தருக்குத் தொண்ணூறு வயசு, ரஞ்சி. இன்னொருத்தருக்கு எண்பத்திமூண்டு. பழுத்துப் போனவையள்."

"போனவையள்தானே?"

"அதே நாளில ஒரு ஜனாதிபதி பிறந்தும் இருக்கிறார். முப்பதாவது."

"அவர் இப்ப உயிரோட இருக்கிறாரோ?"

"...இல்லை."

"பாத்தீங்களே!"

இந்தத் தர்க்கத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் போய் வெல்வது?

ஞாயிற்றுக்கிழமை. ஜூலை நாலு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவவில்லை, நோ தொடங்கிவிட்டது! காரில் போகும்போது வயிற்றைத் தடவித் தடவி, "கொஞ்சம் பொறு, என்ர குஞ்சு... நாளைக்கு வா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியிலும் அதே பாட்டு. "ருமோறோ, சிஸ்ரர். ருமோறோ!" இத்தனை வருஷத்தில் எல்லாப் பெண்களும் 'இப்பவே' என்றுதான் கத்துவார்கள், 'நாளைக்கு' என்று கத்துகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அந்தத் தாதி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டிலும் தகப்பன்மாருக்குத் தாழ்வாரம்தான். அங்கே இருந்து என்னை நானே திட்டித் தீர்த்தேன். என் வாய்க்கொழுப்பால் ஒருத்தி உள்ளே நோவை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவளுக்கோ பிள்ளைக்கோ ஏதும் ஆகிவிட்டால்? இனிமேல் யார் செத்த நாளையும் யாருக்கும் சொல்வதில்லை என்று நல்லூரானுக்கு நேர்ந்துகொண்டேன். (இதோ, உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கந்தன் மன்னிப்பான்.)

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. என்னை உள்ளே விட்டபோது ரஞ்சி கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"திகதி?"

"அஞ்சு. திங்கட்கிழமை."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கதை இங்கேயே சுபம் போட்டிருக்க வேண்டும். நான் லீவு கேட்டு ஒபிசுக்கு ரெலிபோன் பண்ணாமல் இருந்திருந்தால் போட்டிருக்கும். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு மிஸ்டர் டோபின் ஒரு கையில் கேக்கோடும் மற்றக் கையில் கொடியோடும் வந்து நின்றார். நான் மறிப்பதற்குள் கட்டிலடிக்கே போய்விட்டார்.

"அம்மா! உன் மகள் பிறந்தபோது பொஸ்டனில் ஞாயிறு பின்னேரம்! என் அம்மா வாணவேடிக்கை பார்க்கப் பாய் விரித்துக்கொண்டிருந்தாராம். ஜூலை நாலு! இவள் எங்கள் பிள்ளை!"

ரஞ்சி மரியாதையாகத் தாங்க்யூ சொன்னாள். அவர் போகும்வரை சிரித்தபடியே இருந்தாள். போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... அமெரிக்காவில நாலு."

"அமெரிக்காவை விடும், ரஞ்சி. நாங்களென்ன அமெரிக்கரோ?"

"சரி. எங்கட பஞ்சாங்கத்தில பாருங்கோ."

பஞ்சாங்கமா? ஆஸ்பத்திரியிலா? ஓம், இருந்தது. பிள்ளையின் சட்டைகளுக்கு நடுவில், அவளுடைய பையில். கணக்குப் போட்டேன். சிட்னியில் ஒன்பது நாற்பது என்றால் யாழ்ப்பாணத்தில் விடியற்காலை ஐந்து பத்து. "அங்கயும் அஞ்சாந் திகதிதான்!" என்று துள்ளினேன்.

"அந்த நேரம் சூரியன் உதிச்சிட்டுதோ?"

வசமாக மாட்டிக்கொண்டேன். வெள்ளைக்காரனுக்கு நாள் நடுச்சாமத்தில் மாறும். எங்களுக்குச் சூரியன் உதித்தால்தான் மாறும். பஞ்சாங்கப்படி உதயத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

"...இல்லை."

"அப்ப ஊரிலயும் ஞாயிறு. ஊரிலயும் நாலு."

பிறந்த ஊர்ச் சூரியனைத்தான் பார்க்க வேண்டும் என்று சாத்திரம் தெரிந்த வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த நேரம் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லையே! ரஞ்சி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கவலையும் இல்லாமல் கொட்டாவி விட்டது.

"இஞ்ச?" என்று கேட்டாள் மெதுவாக.

"இஞ்ச அஞ்சு. சூரியன் உதிச்சு ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல."

"வடிவாத் தெரியுமோ?"

"தாழ்வாரத்தில இருந்து என்ர கண்ணாலயே பாத்தனான்."

பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள். பஞ்சாங்கத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப ஊருக்குப் போற கதையை விடுங்கோ. இவள் இஞ்ச மட்டுந்தான் அஞ்சாந் திகதி பிறந்தவள்."

நான் இரண்டு வருஷமாகச் சொல்லத் துணியாத விஷயம், வாசகர்களே! வேலை, படிப்பு, வசதி என்று இங்கே தங்கிவிட்டவர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள்... எங்களுக்கு மூன்று ஜனாதிபதிகள் சாக வேண்டியிருந்தது.