தங்க வந்த ஆய்வாளரும் தங்கவிடாத விதிகளும்

மகளிரியல் துறையின் ஒருங்கிணைப்பாளர் என்றால் ஆய்வு, கருத்தரங்கு, கட்டுரை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் அது அனுமதிக் கடிதம் எழுதுகிற வேலை.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஏழு வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு வெளியூர் ஆய்வாளர் எங்கள் வளாகத்தில் மூன்று மாதம் தங்கி எழுதுவார். சுற்றுவட்டாரத்து மக்களோடு ஓரிரண்டு நிகழ்ச்சி நடத்துவார். இதற்கு 'ரெசிடென்சி' என்று பெயர். கேட்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு (ஒன்றிரண்டு சகோதரர்களும் உண்டு, மறக்கவில்லை) மேற்கொண்டு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக, இந்த முறை வந்த மலர்க்கொடியின் மூன்று மாதத்தைச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பெண். கடலோரக் குப்பங்களிலிருந்து நம் தெருக்களுக்கு மீன் கொண்டுவந்து விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்பவள். படித்துவிட்டு உங்களுக்கும் வயிறு எரிந்தால், எனக்கு ஒரு துணை கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

நிபந்தனையுடன் அனுமதி

மலர் வந்து இறங்கியபோது ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பதினான்கு மாதக் குழந்தை யாழினி. விருந்தினர் விடுதிப் பொறுப்பாளர் பெட்டியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "குழந்தைக்கு அனுமதி இல்லைங்க மேடம்" என்றார். விண்ணப்பத்திலேயே குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாளே என்று காட்டினேன். "எழுதினாங்க, சரி. ரூல்ல இல்லையே" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து குக்கர் விசில் அடித்தது. அங்கே தங்கியிருந்தவர் வேறு துறைக்கு வந்த வருகைப் பேராசிரியர். மனைவியோடு இரண்டு மாதமாக இருக்கிறார். அந்த அம்மாவின் பெயர் எந்த விண்ணப்பத்திலும் கிடையாது. அவர்களுக்கு மட்டும் எப்படி அனுமதி என்று கேட்டேன். பொறுப்பாளர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவங்க சாருக்குச் சமைச்சுப் போட வந்திருக்காங்க மேடம். குழந்தை என்ன வேலை செய்யப் போகுது?"

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, தாயையும் மகளையும் அஸ்தினாபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டேன். பதினொரு நாள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய ஆய்வு மையம். நான் மூன்று கடிதம் எழுதினேன். விடுதிக் குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடியும் கூடியது. பன்னிரண்டாம் நாள் முத்திரையோடு உத்தரவு வந்தது: 'குழந்தை அழாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்ற நிபந்தனையுடன் அனுமதிக்கப்படுகிறது.' மலர் அதை இரண்டு தரம் படித்தாள். யாழினி அந்த நேரம் தரையில் உட்கார்ந்து, உத்தரவு வந்த கவரைக் கடித்துக்கொண்டிருந்தாள். மலர் கேட்டாள்: "அக்கா, இதை இவகிட்ட யாரு வாசிச்சுக் காட்டுறது?"

எட்டுக் கைகள்

முதல் நிகழ்ச்சி கல்லூரியிலேயே, மலரின் உரை. பேனர் அடிக்கக் குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். தலைப்பு, தேதி, இடம், அவ்வளவுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பேனரின் நடுவில் எட்டுக் கைகளோடு ஒரு பெண் நின்று சிரிக்கிறாள். ஒரு கையில் கரண்டி, ஒன்றில் லேப்டாப், ஒன்றில் துடைப்பம், ஒன்றில் பால் பாட்டில், ஒன்றில் இஸ்திரிப் பெட்டி. மிச்சக் கைகளில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

"தம்பி, இந்தப் படத்தை எடுத்துடுங்க. எட்டுக் கை இருந்தா எட்டு வேலையும் அவளே செய்யலாம்னு ஆயிடுது" என்றேன். டிசைன் செய்தவர் நல்ல மனிதர்தான். முகம் வாடிவிட்டது. லேடீஸ் நிகழ்ச்சி என்றால் எல்லோரும் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள் என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேரம் படியும் குரலில் சொன்னார்: "வேணும்னா ஆறு கையா கொறச்சுத் தரட்டுமா மேடம்?"

எட்டு நிமிடம்

அந்த உரைக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணி. தலைமை விருந்தினராக ஒரு பெரிய மனிதரைப் போட வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, அவரை ஐந்து நிமிட வாழ்த்துரைக்கு அழைத்தோம். அவர் பேசினார். தாய்மை என்றார். பூமியும் பெண், நதியும் பெண் என்றார். தன் மனைவி இதுவரை தன்னிடம் எதிர்த்துப் பேசியதில்லை என்று பெருமையோடு சொல்லிக் கைதட்டலுக்காக நிறுத்தினார். இரண்டு பேர் தட்டவும் தட்டினார்கள். நான் துண்டுச் சீட்டு அனுப்பினேன். அதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

மலர் மேடை ஏறும்போது அடுத்த வகுப்பு மணிக்கு எட்டு நிமிடம் பாக்கி. எட்டு நிமிடத்தில், இரண்டு வருடம் குப்பங்களில் நடந்து சேர்த்ததில் ஒரு கையளவைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் பின்னால் நின்று நகத்தைக் கடிக்க வேண்டியிருந்தது. முடித்து இறங்கியதும் பெரிய மனிதர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்துப் பாராட்டினார்: "பொம்பளைங்களுக்குப் பேசச் சொல்லியா தரணும்? எட்டே நிமிஷத்துல எல்லாத்தையும் முடிச்சிட்டியேம்மா!"

ஒரு வாய் தண்ணீர்

மேடையில் கிடைக்காத நேரத்தைத் தெருவில் எடுத்துக்கொண்டாள் மலர். அஞ்சலை அக்கா குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருபவர். ஐம்பது வயது இருக்கும். விடியும் முன் கிளம்பி, மேடவாக்கம் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பாக்கத்தில் இறங்கினால், ஏரியை ஒட்டிய தெருக்களில் பகல் இரண்டு மணிவரை நடை. பத்தொன்பது வருடமாக அதே தெருக்கள். ஒரு வாரம் மலர் அவரோடு நடந்தாள். ஒரு நாள் நானும் போனேன். யாழினியை நான் தூக்கிக்கொண்டேன், அவள் குறிப்பெடுத்தாள்.

பதினொரு மணிக்கே என் தலை சுற்ற ஆரம்பித்தது. அஞ்சலை அக்கா மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக் கொடுத்தார். சங்கரா கழுவிக் கொடுத்தார். ஒரு வீட்டில் "வாசல்ல தண்ணி ஊத்திட்டுப் போ" என்றார்கள், ஊற்றிவிட்டு வந்தார். நான் என் பாட்டிலை நீட்டினேன். தலையை ஆட்டினார். வெயிலில் உதடு வெடித்திருந்தது. குடித்த பாட்டில் என்று தயங்குகிறாரோ என்று நினைத்து, கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதையும் வாங்கவில்லை. என் அறியாமையைப் பார்த்துச் சிரித்தார். "வேணாம் மா. குட்ச்சா போவணும். எங்க போறது, நீயே சொல்லு?"

கோலம் வையுங்களேன்

மலரின் ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்விதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதே தெருவாசிகள் முன்னால் அஞ்சலை அக்காவையே பேசவைக்க வேண்டும் என்றாள் மலர். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு ஹால் உண்டு. செயலாளரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதையானவர், காபி கொடுத்தார். பெண்களுக்கான நிகழ்ச்சி என்றதும் உற்சாகமாகத் தலையாட்டினார். யார் பேசுகிறார்கள் என்று கேட்டார். உங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

ஹால் இப்போதுதான் பெயின்ட் அடித்தது என்றார். வாடை போகாது என்றார். மீன் வராது சார், மனுஷிதான் வருவார் என்றேன். அடுத்து, மீன் சாப்பிடாதவர்களின் மனம் புண்படும் என்றார். அவர் பேச வருகிறார், பரிமாற வரவில்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அதற்கு நான் வெட்கப்படவில்லை. கல்லூரியின் கடிதத்தைக் கையில் கொடுத்து, மறுப்பதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதும்தான் இறங்கி வந்தார். சம்மதித்தார், ஆனாலும் வாசல்வரை வந்து ஒரு யோசனை சொன்னார்: "பேச்சுன்னு வெச்சா கூட்டம் வராது மேடம். பேசாம ஒரு கோலப்போட்டியா வெச்சிடுங்களேன்?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே

கூட்டம் வந்தது. நாற்பது பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள். அஞ்சலை அக்கா பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார். மைக்கைப் பிடிக்கத் தெரியாது என்றார். மலர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டாள்.

"காலைல வூட்ல போய்ட்டு கெளம்புனா, திரும்ப வூட்டுக்குப் போயிதான். நடுவுல கெடயாது. அந்த மூணு நாள்லகூட அப்டியேதான் சுத்திகினு இருப்பேன். இப்ப வவுத்துல கல்லு கீதுன்றாங்க. டாக்டரு தண்ணி குடி, தண்ணி குடின்றாரு. குட்ச்சுட்டு அவரு வூட்டுக்கா போறது?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒருவர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் சும்மா இருந்திருக்கலாம். சங்கத்தின் பெயர் கெடுகிறதே என்று பதறி எழுந்தார். "இதப் பாரும்மா, நாங்க யாரும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்போமே! நீ கேக்கவே இல்லையே!"

அஞ்சலை அக்கா அவரை நன்றாகப் பார்த்தார். கோபமே இல்லை. மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார்: "கேட்டேன் சார். உன் வூட்லதான் கேட்டேன். 'வூட்ல யாரும் இல்ல'ன்னு உள்ளருந்து நீதான் கொரல் குடுத்த."

சாவி

அந்தக் கண்ணாடி போட்ட அம்மா சும்மா இருக்கவில்லை. நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். ஹாலுக்கு வெளியே வேலையாட்களுக்காகக் கட்டி, கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்த கழிப்பறையின் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவைக்கச் சம்மதம் வாங்கினார். ஆனால் 'மீன்காரம்மாவுக்கு மட்டும்' என்றது சங்கம். இதைச் சொல்ல மலரும் நானும் தெருவில் அஞ்சலை அக்காவைத் தேடிப் போனோம்.

நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு எவ்வளவு ஆசை பாருங்கள்! கூடையை இறக்காமலே கேட்டார்: "அப்ப கீரக்காரி இன்னா பண்ணுவா? பூக்காரி இன்னா பண்ணுவா? அவங்களுக்கு வவுறு இல்லியா?"

ஆய்வு முடிவு

கீரைக்காரருக்கும் பூக்காரருக்கும் சேர்த்து அனுமதி வாங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதற்குள் மலரின் காலம் முடிந்தது. எழுத நினைத்ததில் முக்கால்வாசி எழுதிவிட்டாள். யாழினி விடுதிப் படிக்கட்டைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டாள், நிபந்தனையை மீறி நன்றாக அழவும் அழுதாள். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

படிவத்தில் 'சமூகப் பயன்' என்று ஒரு கட்டம். அதில், 'தெருவில் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறைச் சாவி கிடைத்தது' என்று எழுதினேன். ஏழு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அது. இதற்கு முன் 'விழிப்புணர்வு ஏற்பட்டது' என்றுதான் எழுதிவந்திருக்கிறேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. போய்க் கேட்டேன். கண்காணிப்பாளர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்து, தன் மகளுக்குப் புத்தி சொல்வதுபோலக் கனிவாகச் சொன்னார்: "கழிப்பறையெல்லாம் போட்டா அறிக்கை அசிங்கமா இருக்கும்மா. பழையபடி விழிப்புணர்வுன்னே போட்டுடுங்க."

பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இந்த ஊரில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது, ஆராய்ச்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து பேசாமல் இருக்கிறவரைக்கும்.