மேடையில் சிமிட்டிய மஞ்சள் பெட்டி

உங்கள் பிள்ளை ஏறும் பேருந்தின் பிரேக் விளக்கை ஒரு பெண்ணை நம்பி ஒப்படைக்கிறீர்கள். அதே பெண் செய்த பெட்டியில் கடுகளவு விளக்கு ஒன்று கண் சிமிட்டினால், அவளுக்கு வேலை தெரியாது என்று எதை வைத்து முடிவு கட்டுவீர்கள்?

எங்கள் டுலூத் ஊரில் அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

வெர்னா கெட்டுனன் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மின்கம்பி வேலை பார்க்கிறாள். குளிர்காலச் சாலை உப்பு அரித்துத் தின்ற இணைப்புகளை மாற்றுவதே பாதி வேலை. அது முடிந்தால் கிட்டார். கூரை போடும் லோவெல் ஸ்ட்ராண்டின் இசைக்குழுவில் அவள் இரண்டாவது கிட்டார். அங்கே ஒரே பெண்.

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் என்ற சிறு பெட்டி ஒன்றை அவளே செய்தாள். குப்பையில் கிடந்த ரேடியோவின் பழைய டிரான்சிஸ்டர்கள் இரண்டு உள்ளே, பேருந்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட் மேலே, காலால் அழுத்தினால் எரியும் சிவப்பு எல்இடி ஒன்று. அந்த ஒலியை வேறெங்கும் நான் கேட்டதில்லை. தகரத்தைக் கிழித்தாற்போல் தொடங்கி, கடைசியில் மனிதக் குரலாகிவிடும். லோவெல்கூட அதற்காகவே அவளைத் தனியாக வாசிக்கச் சொல்வான்.

அந்தப் பழைய டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு குணம் உண்டு. குழுவில் மற்றவர்களின் பெடல்களுக்கு மின்சாரத்தின் எந்த முனை தரையோ (எர்த்), இதற்கு அதன் எதிர் முனை. ஒரே அடாப்டரில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் ஒன்றையொன்று முடக்கிவிடும். வெர்னா முதல் நாளே சொல்லியிருந்தாள்: "இதுக்குப் பேட்டரிதான். உங்க கூட்டத்தோட சேத்துடாதீங்கப்பா."

லோவெல் பெடல்களுக்கெல்லாம் ஒரே பலகை செய்தான், வயர்கள் கண்ணில் படாமல் அடியில் ஓடும்படி. அதன் பிறகு, ஊரார் கூடிய வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் முதன்முறையாக அதை மேடையேற்றினார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வெர்னா காலை வைத்தாள். சிவப்பு விளக்கு மங்கி, அணைந்து, மறுபடி எரிந்து சிமிட்டியது. மற்றவர்களின் விளக்குகளும் கூடவே சிமிட்டின. ஒலி இல்லை.

"பேட்டரியிலதான ஓடுது, லோவெல்?" என்றாள்.

"எல்லாம் நீ சொன்ன மாதிரிதான். ஓட்டைப் பெட்டியச் செஞ்சுட்டு என்னக் கேக்குறியா?"

டிரம் வாசிக்கும் ஆர்லோ குச்சியைச் சுழற்றினான். "பஸ்ஸுக்கு இண்டிகேட்டர் போட்ட பழக்கம்டா! இடது பக்கம் திரும்பப் போறா, வழி விடுங்க!"

அரங்கமே சிரித்தது. லோவெல் மஞ்சள் பெட்டியை மட்டும் பிடுங்கி எடுத்தான். மற்ற விளக்குகள் உடனே நேராக எரிந்தன. "பாத்தியா? இப்பவாவது ஒத்துக்கம்மா" என்றான். பாதிச் சோதனையைச் செய்துவிட்டு முழுத் தீர்ப்புச் சொல்வதில் நம் ஆட்களுக்கு இணையில்லை.

வெர்னா ஒத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வீட்டில் பேட்டரியில் அது ஒழுங்காக எரிந்தும் நம்பாமல் பெட்டியைத் திறந்து, இல்லாத குற்றத்தைத் தேடி ஒவ்வொரு ஈயப் பற்றையும் மறுபடி சூடாக்கினாள். அந்த வகை டிரான்சிஸ்டர் சூடு தாங்காது. அது அவளுக்கும் தெரியும். அவசரத்திலும் அவமானத்திலும் கை ஒரு கணம் அதிகம் நின்றுவிட்டது. இரண்டும் செத்தன. வேறு வாங்கிப் போட்டாள். விளக்கு அழகாக எரிந்தது, அந்தக் குரல் வரவில்லை. "இனி நீ வாசிக்கிறதும் வாசிக்காததும் ஒண்ணுதான்" என்றான் லோவெல். அவள் குழுவை விட்டு விலகினாள்.

பனி உருகிய பிறகு, பெடல் பலகையின் கால் ஆடுகிறதென்று ஆர்லோ அதைக் கவிழ்த்தான். அடியில் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்த வயர்கள். அதில் ஒரு கிளை, மஞ்சள் பெட்டி இருந்த காலியிடத்தில் தொங்கியது.

"டேய் லோவெல், வெர்னா பெட்டியையும் இதுலயா மாட்டியிருந்த?"

"பேட்டரி தண்டம்னு இதுலயே மாட்டிட்டேன். அவ சொன்னது மறந்துபோச்சு. இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

லோவெல் போகவில்லை. கேலி பேசிய ஆர்லோதான் பணிமனைக்குப் போனான். நானும் கூடப் போனேன். பேருந்துக்கு அடியில் படுத்திருந்தவள் முழுதும் கேட்டாள்.

"அப்ப எம் வேலை சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். பிறகு, "பலகையத் திருப்பிப் பாக்கணும்னு எனக்கே தோணலையேடா, ஆர்லோ. என் கைய விட அவன் வாய நம்பிட்டேனே."

கிட்டாரை மறுபடி எடுக்கச் சொன்னோம். பதிலுக்கு, "அந்த டார்ச்சக் கொடு" என்று கையை நீட்டிவிட்டு, மறுபடி வேலையில் இறங்கினாள்.

உங்கள் பக்கத்திலும் யாராவது ஒருத்தியின் விளக்கு சிமிட்டும். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். முதலில் குனிந்து, அந்தப் பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள்.