சொட்டு அக்காவும் சரிபார்ப்புக் குடுவையும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சொட்டு அக்கா என்று பேர் வைத்தவள் நான்தான். நான் அங்கே குடுவை கழுவுகிறவள். அக்கா கடல்நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்குகிறது என்று அளப்பவள். வேறு யார் விட்டாலும் கடைசிச் சொட்டு கூடும், இல்லை குறையும். அவள் கைக்கு மட்டும்தான் அரைச் சொட்டில் நிற்கத் தெரியும். பதினாறு வருஷமாக அந்தக் கைதான் அவள் உயிரை வாங்கியது.

அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சூடு ஒரு டிகிரி ஏறினாலும் அளவு பிசகும் என்று கதவையும் சாத்தியே வைக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாள் முழுக்க முனகுகிற ஏ.சி. செவ்வாய்க்கிழமைதோறும் படகுத்துறை முனையிலிருந்து தண்ணீர் வரும். அவள் அளந்து ஒரு எண் எழுதுவாள். அடுத்த செவ்வாய் மறுபடியும். பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், திறந்த குடுவைமேல் குனிந்து புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுத் தொலைத்தேன். வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் மூச்சுக் காத்துக்கெல்லாம் இந்த எண் அசையாதுடி. புகையும் மூச்சும் கடல் குடிச்சுக்கிட்டேதான் இருக்கு. குடிச்சா தண்ணி கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். ஆனா புளிச்ச தண்ணி அடியில கிடக்கிற ஓடு, சிப்பியெல்லாம் கரைக்கும் பாரு, அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சாத்தான் என் எண் ஏறும். குடிச்ச காத்துக்குக் கடல் எத்தனை ஓட்டைக் கரைச்சுதுன்னு இதுல எழுதியிருக்கும்."

எனக்குப் பாதி புரிந்தது. வேலை தப்பித்தது என்பது முழுதாகப் புரிந்தது.

அவள் கணவர் ஏழு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகளை நாலு வயது வரை இங்கே தன்னோடு வைத்திருந்து, அப்புறம் அவரிடம் விட்டுவிட்டு வந்தவள். மாதம் இரண்டு ஞாயிறு போய்ப் பார்ப்பாள். சின்ன வயதில் அம்மா கிளம்பக்கூடாது என்று அந்தப் பெண் செருப்பை ஒளித்து வைக்குமாம். இப்போது பதின்மூன்று வயது. வருகிறேன் என்றாலும் சரி என்கிறது, வரவில்லை என்றாலும் சரி என்கிறது.

"அந்தச் சரிதான்டி என்னைக் கொல்லுது" என்பாள் அக்கா.

போன வருஷம் அந்த ஊர்க் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு இடம் காலியானது. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். எங்கள் இயக்குநர் விடுவித்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா மனுவோடு போய் நின்றாள். நான் கழுவின குடுவையையே மறுபடி துடைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

"உங்க கை இல்லாம இந்த வேலை எப்படிம்மா நடக்கும்?" என்றார் இயக்குநர். பாராட்டியே கட்டிப்போடுகிற ஜென்மம்! "நம்ம அளவு சரியான்னு பாக்க வெளியிலருந்து சரிபார்ப்புக் குடுவை வருது. அதோட எண் அனுப்புறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். நம்ம எண் பொருந்தினா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு வேலை நமக்கே. உங்களை விடவே முடியாது. பொருந்தலையா, வேலை வேற கூடத்துக்குப் போயிடும். நீங்களும் தாராளமா போகலாம்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இதைவிடச் சுலபமா என்ன வேணும்? தப்பா அள."

"உனக்கு வேலை போனா?"

"என்னை வேற பிரிவுல போடுவாங்க. குடுவை எங்க போனாலும் குடுவைதான்."

"ஒரு தடவை பொருந்தலைன்னா பதினாறு வருஷ எண்ணும் சந்தேகமாயிடும்டி. கடல் கரைச்சது எல்லாம் அதுலதான் இருக்கு."

"கடலையா நீ பொண்ணா பெத்து வச்சிருக்கே?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

குடுவை வந்தது. நான் தட்டோடு கதவோரம் நின்றேன். அலமாரியில் சுத்தமான சுண்ணாம்புத் தூள் டப்பா உண்டு. ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், அமிலத்தில் கரைந்து எண் எங்கேயோ போய்விடும். அக்கா டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சின்னக் கரண்டியால் அள்ளிக்கூட விட்டாள். அப்புறம் தூளை டப்பாவிலேயே கொட்டி மூடி, எடுத்த இடத்தில் வைத்தாள். குடுவைமேல் குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து உள்ளே ஊதினாள். மூன்று தடவை.

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அப்பாடா, கெடுத்துவிட்டாள்! அன்று சாயங்காலமே அவளுக்குப் பெட்டி கட்ட ஒரு கயிறு வாங்கி வைத்தேன்.

நாலாம் நாள் இயக்குநர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். எங்கள் எண் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று. குடுவை அனுப்பியவர்களுடையதும் அதே நாற்பத்தொன்று. எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

அறைக்குள் வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊதினியேக்கா! நான் கண்ணால பாத்தேனே!"

"ஊதினா மாறாதுன்னு உனக்கு முதல் வாரமே சொன்னேனே."

"தெரிஞ்சே எதுக்கு ஊதின?"

"சுண்ணாம்பைப் போட மனசு வரல. என் பொண்ணுக்காக எதுவுமே செய்யாம இருக்கவும் முடியல. வேற என்னடி செய்வேன்?"

அவள் போனை எடுத்து மகளிடம், "இந்தத் தடவையும் இல்லம்மா" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரே சொல் எனக்கும் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைத் தண்ணீரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"கதவைச் சாத்துடி, சூடு ஏறுது" என்றாள்.