பொம்மர் வராத அன்று நான் பிடிக்காத பந்து

இங்கே திங்கட்கிழமைகளில் மனிதர்கள் எண்களாகிவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணிக்கு 'பௌஸ'. அதாவது இருபது நிமிட ஓய்வு. சனிக்கிழமை எங்கள் சிறு நகரத்து உதைபந்தாட்ட அணி சொந்த மைதானத்தில் வென்றிருந்தால் அந்த இருபது நிமிடமும் வேறு கதையே கிடையாது. மேசையில் பத்திரிகை விரிந்திருக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரனின் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்றிலிருந்து ஆறுவரை ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணோடு உடன்படாதவர்கள் பேனையால் வெட்டிவிட்டுத் தங்கள் எண்ணை எழுதுவார்கள். ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம், வெதுப்படுப்பில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் யூர்கன் பேனையை என்னிடம் நீட்டி, "நீயும் போடு" என்றான். எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை தண்ட உதையைப் பாய்ந்து தடுத்து ஆட்டத்தை வென்று தந்த பந்துக்காப்பாளனின் பெயருக்கு நேரே, கொட்டை எழுத்தில் ஆறு போட்டேன்.

மேசையில் இருந்தவர்கள் பத்திரிகையைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். "அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்?" என்று யூர்கன் கேட்டான். "ஒரு கெடுதலும் இல்லை, இன்னும் பெரிய எண் இருந்தால் அதையும் போட்டிருப்பேன்" என்றேன். அவன் முகம் இன்னும் கறுத்தது. இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் முதல்தரம், ஆறு என்றால் பெயில் என்பதை அவர்கள் எனக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள், பந்துக்காப்பாளனை அவமதித்த குற்றத்துக்காக என் அகதி விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்களோ என்று நான் மூன்று தரம் வியர்த்துவிட்டேன். யூர்கன் சிரித்தபடி என் முதுகில் தட்டி, "நீயும் டோர்வார்ட்தானே, உன்னுடைய மிகச்சிறந்த தடுப்புக்கு நீ என்ன எண் போடுவாய்?" என்றான். டோர்வார்ட் என்றால் பந்துக்காப்பாளன். நானும் ஒருகாலத்தில் அந்த வேலை பார்த்தவன் என்று அவனிடம் அளந்திருந்தேன். என் மிகச்சிறந்த தடுப்பைப் பற்றி மட்டும் அதுவரை அவனுக்குச் சொல்லவில்லை. அதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது.

வன்னியில் எங்கள் ஊரான தர்மபுரத்தில் எங்களுக்கு எண் கிடையாது, வாய்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த வெளிதான் மைதானம். தோற்றால் சனம் பேசாமல் வீட்டுக்குப் போய்விடும்; தோற்றவனை என்ன சொல்லித் திருத்துவது? வென்றால்தான் வில்லங்கம். வென்ற பதினொரு பேரும் மேல் கழுவாமல், புழுதியோடு, குணத்தின் சைக்கிள் கடை முன்னால் நிலத்தில் வரிசையாய் இருக்கவேண்டும். பார்த்தவர்கள் கதிரையிலும் வாங்கிலும் இருந்து ஒவ்வொருவனாய் எடுத்துப் பிரிப்பார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மதிப்பீடு. தலைமை, சங்கக்கடை மனேச்சர் நடேசு அண்ணை. ஆயுளில் ஒருநாளும் பந்தைக் காலால் தொடாதவர் என்பதால் பாரபட்சம் இல்லாதவர் என்று பெயர். அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் என்பதை அங்கேதான் தீர்ப்பார்கள். அந்த மதிப்பீட்டுக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது: ஆட்டக்காரன் தன்னைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மற்றவனைப் பற்றி எதுவும் சொல்லலாம். தன் ஆட்டத்தைத் தானே புகழ்பவனாலும் தனக்குத்தானே நியாயம் சொல்பவனாலும் விடியும்வரை இருக்கவேண்டி வந்த அனுபவத்தில் பிறந்த சட்டம் அது.

அந்த ஞாயிறு பின்னேரம் விசுவமடு அணியோடு ஆட்டம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று நாங்கள் முன்னுக்கு. முடிய ஐந்து நிமிடம் இருக்கும். அவர்களுடைய நடு முன்வரிசைக்காரன் எங்கள் பின்வரிசையை வெட்டிக்கொண்டு என் முன்னால் வந்து காலை ஓங்கினான். அந்தக் கணத்தில் கிழக்கிலிருந்து ஓர் உறுமல். யாரோ "பொம்மர்!" என்று கத்தினார்கள். அந்த யாரோ நான்தான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. அந்நாளில் வன்னியில் குண்டுவீச்சு விமானத்துக்குப் படுக்க யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. குப்புற விழு, காதைப் பொத்து, வாயைக் கொஞ்சம் திறந்து வை. மைதானமே விழுந்தது. இரண்டு அணி, கரையில் நின்ற சனம், கச்சான் கடலை விற்ற பெண்கள், ஊதுகுழலை வாயில் வைத்தபடியே மத்தியஸ்தர், எல்லாரும் மண்ணைக் கவ்வினோம். எல்லாருக்கும் முதலில் விழுந்தவன் நான். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாய், அவ்வளவு நீளமாய், கையிரண்டையும் விரித்துப் பாய்ந்தது அந்த ஒருமுறைதான். பந்துக்காக இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊரில் உள்ள எல்லாப் பிள்ளையாருக்கும் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

உறுமல் நிற்கவில்லை, கிட்டவும் வரவில்லை. ஒரே இடத்தில் நின்று டக்கு டக்கு என்றது. டீசல் இல்லாமல் மூன்று மாதமாய்ச் செத்துக்கிடந்த நெல்லு மில்லின் இயந்திரத்துக்கு யாரோ மண்ணெண்ணெய் ஊற்றி உயிர் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். சனம் ஒவ்வொன்றாய்த் தலையைத் தூக்கியது. பார்த்தால், பந்து கோலுக்கு வெளியே ஈச்சம்பற்றைக்குள் கிடக்கிறது. கோல் கோட்டுக்குக் குறுக்கே நான் கிடக்கிறேன். இரண்டையும் கூட்டிப் பார்க்க எவருக்கும் அதிக நேரம் எடுக்கவில்லை. மிச்ச ஐந்து நிமிடமும் ஆடி முடிய, ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தோளில் இருக்கும்போது ஊர் எவ்வளவு வடிவாய்த் தெரியும் தெரியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

மதிப்பீட்டில் என் முறை வந்தபோது, குப்புறக் கிடந்த அத்தனை பேரும் அந்தத் தடுப்பைக் கண்ணால் கண்டிருந்தார்கள். "விரல் நுனியால தட்டினவன், நான் பாத்தனான்" என்றான் சைக்கிள் கடை குணம். "இல்லையடா, முழங்கையால" என்றார் இன்னொருவர். நடேசு அண்ணை கையை உயர்த்திச் சர்ச்சையை முடித்துவைத்தார். "பொம்மர் வந்தாலும் கோலை விடாமல் கிடந்தான் பாருங்கோ, அதுதான் ஆட்டக்காரன். அப்ப உவன் பழனி என்ன செய்தவன்? ஊரே படுத்துக் கிடக்க, கோலுக்குள்ள மரம் மாதிரி நிண்டவன். பொம்மருக்குப் படுக்கத் தெரியாதவனுக்குப் பந்தில என்ன தெரியப்போகுது? அடுத்த கிழமை முள்ளியவளை ஆட்டத்துக்கு உவன் வேண்டாம்."

பழனி எங்கள் இடது பின்வரிசை. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து எங்கள் பக்கம் காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். பகலில் மில்லில் மூட்டை தூக்கினான். ஊரில் இருந்த இத்தனை வருடமும் அவனை எல்லாரும் "மில்லுக்காரன்" என்றுதான் கூப்பிட்டார்கள். அணிக்குள் வந்து நாலாவது ஆட்டம் அது, மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு "பழனி! பழனி!" என்று சனம் கத்த ஆரம்பித்து நாலே நாலு கிழமை. மதிப்பீட்டில் விழுந்தவனுக்கு அந்தப் பருவம் முழுக்கக் கரைதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் தலையைக் குனிந்து காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "தோட்டத்து ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஆறுதல்தான், விளங்க நேரம் எடுக்கும்" என்று வாங்கில் இருந்த ஒருவர் சொல்ல, சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் குப்புறக் கிடந்தவன், பந்து தானாகப் பற்றைக்குள் போயிராது, நின்றவன் ஒருவன்தான்.

"அண்ணை, நான் பந்தைத் தொடவே இல்லை" என்றேன். "டேய் பகிடிச் சிவம், சட்டம் தெரியாதே? உன்னைப் பற்றி நீ கதைக்கக்கூடாது" என்றார் நடேசு அண்ணை. "சத்தியமாய் அண்ணை, நான் பயத்தில விழுந்தனான்." கடையே குலுங்கியது. "பாருங்கோ, எவ்வளவு அடக்கம்!" என்றான் குணம். இருபது வருடமாய் ஊரைச் சிரிக்கவைத்ததன் பலன் அது. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. இன்னொரு தரம் சொன்னால் இன்னும் பெரிய வீரனாகிவிடுவேன் என்று விளங்கியது. பயம் உச்சந்தலைக்கு ஏறினால் என் மூளை சில வேளை நன்றாக வேலை செய்யும். எழும்பி நின்றேன். "சரி, என்னைப் பற்றிக் கதைக்கேல்லை. பழனியைப் பற்றிக் கதைக்கிறன். அதுக்குச் சட்டத்தில இடம் இருக்குத்தானே?" என்றேன். "பழனி, சேட்டைக் கழட்டு."

அந்நாளில் புதுப் பந்து எங்கே வரும்? எங்கள் பந்து கிழிந்து தைத்து, தைத்துக் கிழிந்து, வாயில் தடித்த தோல் வாரால் இழுத்துக் கட்டியது. நெஞ்சில் பட்டால் அந்த வார் அப்படியே படம் கீறிவிட்டுப் போகும். பழனி சட்டையைக் கழற்றத் தயங்கினான். நானே பிடித்து உயர்த்தினேன். நெஞ்சுக்கு நடுவில், கறுத்த தோலிலும் செக்கச்செவேலென்று, வார் பின்னிய நாலு குறுக்குக் கோடும் எழும்பி நின்றன. பிறகு என் சட்டையையும் தூக்கிக் காட்டினேன். அங்கே வயிறு மட்டுந்தான் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நடேசு அண்ணை கதிரையிலிருந்து எழும்பிக் கிட்ட வந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "ஏனடா படுக்கேல்லை?" என்று கேட்டார். "அது மில்லு சத்தந்தானுங்களே. காலையில எண்ணெய ஊத்துனதே நான்தான்" என்றான் பழனி. "மில்லு, மில்லுன்னு கத்துனேன். எல்லாரும் காதப் பொத்திக்கிட்டுக் கெடந்தீங்க." "அதை இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை?" பழனி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சட்டந்தான் இருக்கே. அது இல்லன்னாலும், நான் சொன்னா ஏறுமாங்க?"

நடேசு அண்ணை திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். "முள்ளியவளைக்கு முதல் பேர் பழனி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் வா. வேற கோலி இல்லை. ஆனால் சத்தம் கேட்டால் முதல்ல பழனியைப் பார், பிறகு விழு." அடுத்த ஞாயிறு முள்ளியவளைக்குப் போன உழவு மிசினின் இழுவைப் பெட்டியில், மிதிக்க இடமில்லாத நெரிசலில், சாரதிக்குப் பின்னால் காற்றுப்படும் நல்ல இடத்தைப் பழனிக்கு விட்டார்கள். முள்ளியவளையில் தோற்றோம். அதனால் மதிப்பீடு நடக்கவில்லை. பழனி பருவம் முழுக்க ஆடினான்.

இதையெல்லாம் ஒரு பௌஸவில் என் உடைந்த ஜேர்மனில் யூர்கனுக்குச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "மத்தியஸ்தர் ஏன் ஆட்டத்தை நிறுத்தவில்லை?" என்றான். "ஊதுகுழல் வாயில் இருந்தது, வாய் மண்ணுக்குள் இருந்தது" என்றேன். "மில் முதலாளி ஆட்ட நாளில் இயந்திரம் ஓடும் என்று முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டாமா?" என்று அடுத்து கேட்டான். அவனுடைய நாட்டில் அறிவித்திருப்பார்கள், கடிதமும் வந்திருக்கும். சிரிக்கவேண்டிய இடங்களில் அவன் சிரிக்கவில்லை; ஆனால் பழனிக்கு என்ன எண் கொடுத்தீர்கள் என்று மட்டும் மிகவும் அக்கறையாய்க் கேட்டான். பெட்டியில் காற்றுப்படும் இடம் என்றேன். அது ஒன்றா, இரண்டா என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஒன்று என்றேன். திருப்தியடைந்தான்.

போன மாதம் பழனி வவுனியாவிலிருந்து போன் எடுத்தான். மனைவியை ஆசுபத்திரிக்குக் காட்ட, வன்னியை விட்டு வெளியே வரும் பாஸ் எடுத்து வந்தவன், ஒரு தொலைபேசிக் கடையில் நின்று கதைத்தான். மனைவிக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்பதை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, நேரே விசயத்துக்கு வந்தான். "ஞாயித்துக்கெழம நம்ம கிரவுண்டுல ரெண்டு கோல்ல ஜெயிச்சிட்டோம் அண்ணே. மதிப்பீடு இப்ப நான்தான் சொல்றேன்." "நடேசு அண்ணை?" "கதிரையில இருக்காரு. நான் சொல்றதெல்லாம் பிழைங்கிறாரு." பிறகு அவன் ஒவ்வொருவனாய்ச் சொல்லச் சொல்ல, நான் குசினி மேசையில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில் எழுதினேன். ஒருவனையும் எனக்குத் தெரியாது, தகப்பன்மாரைத் தெரியும். இவனுக்கு வேகம் இருக்கிறது, பொறுமை இல்லை. அவன் பந்தைக் கண்டால் கூட்டாளியை மறப்பான். நானும் தகப்பன்மாரை நினைத்துக்கொண்டு தயங்காமல் தீர்ப்புச் சொன்னேன். பத்துப் பேர் ஆனார்கள். "கோலுக்கு ஆர்?" என்றேன். "அதுதான் அண்ணே கேக்கணும்னு எடுத்தேன். ஞாயித்துக்கெழம ஆடுனவன் கொழும்புக்குப் போயிட்டான். அங்கேருந்து உங்க பக்கந்தான் வரப்போறானாம். போனவருசம் நின்னவனும் கனடா போயிட்டான். நம்ம ஊர்ல கோலியா நின்னாலே வெளிநாடுதான் போலருக்கு." இருவரும் சிரித்தோம். சிரித்து முடிவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

பத்துப் பெயர் எழுதிய அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஊரில் போன் இல்லை, நான் அவனுக்கு எடுக்க வழியில்லை. அவன் எடுக்கும்போது கோலுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். சனிக்கிழமைகளில் யூர்கனோடு மைதானத்துக்குப் போகிறேன். கோலுக்குப் பின்னால், வலைக்கு ஓர் அடி தள்ளி நிற்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எதிரணிக்காரன் காலை ஓங்கும்போது என்னை அறியாமல் முழங்காலை மடித்து, இரண்டு கையையும் விரிக்கிறேன். பந்துக்காப்பாளன் இடப்பக்கம் பாய்ந்தால் நானும் இடப்பக்கம் சாய்கிறேன். யூர்கன் நகர்ந்து இடம் விடுகிறான். முன்னால் காலியில்லாத ஒரு கோல். பையில் உள்ள துண்டில் காலியான ஒரு கோல். பந்து வந்து வலையில் மோதும்போது அந்த வலை என் முகம்வரை வந்து, தொடாமல் திரும்பிப் போகிறது.